சர்ஜரி வாசலில் ஒரு வயர் கூடை

1

மாதாவின் புண்ணியத்தில் இரண்டு காலோடும் பத்து விரலோடும் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். பேச்சுக்குச் சொல்வதாக நினைக்காதீர்கள். போன மாதம் அதில் ஒரு விரல் போயிருக்க வேண்டியது.

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். நான் அண்ணனூர்க்காரன். அப்பா சவரிமுத்து, ரயில் ஷெட்டில் கலாசியாக இருந்தவர். நான் பத்தாவது முடித்து, ஐ.டி.ஐ. படித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டினேன். மனைவி ஸ்டெல்லா நர்ஸ். அவளுக்கு இங்கிலாந்தில் வேலை கிடைத்தது. அவள் முன்னால் வந்தாள். மகள் ஜெனியைக் கூட்டிக்கொண்டு நான் பின்னால் வந்தேன். பெண்டாட்டி விசாவில் வந்தவன் என்று சிலர் கிண்டல் செய்வார்கள். செய்யட்டும். அவள் ராத்திரி பகலாகப் படித்த படிப்புதான் எங்கள் மூன்று பேரையும் விமானம் ஏற்றியது. அதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு நிமிரத்தான் செய்கிறது. இங்கே நான் ஒரு பெரிய குடோனில் வண்டி தள்ளிக்கொண்டு சாமான் எடுத்துக் கொடுக்கிறேன். நாள் முழுக்க நடை.

போன மாதத்தோடு நாங்கள் வந்து எட்டு வருஷம். ஒவ்வொரு வருஷமும் அந்த நாளில் ஸ்டெல்லா பிரியாணி செய்வாள். சாயங்காலம் கோயிலுக்குப் போய் மெழுகுதிரி ஏற்றிவிட்டு வருவோம். இந்த வருஷம் அவள் ஊரில் இருந்தாள். என் மாமியாருக்குக் கண்புரை ஆபரேஷன். ஜெனியைப் பள்ளிக்கூடத்தில் டூர் கூட்டிப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் என் பழைய போனும்தான்.

குடோனில் முனையில் இரும்பு வைத்த பூட்ஸ் போட வேண்டும். புது பூட்ஸ் வலது கால் சுண்டுவிரலைக் கடித்திருக்கிறது. எனக்குச் சர்க்கரை. வலி தெரியவில்லை, அதனால் கவனிக்கவும் இல்லை. அந்த எட்டு வருஷ நாளன்று மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்து சாக்ஸைக் கழற்றினால், சாக்ஸில் ஈரம். விரலின் பக்கத்தில் ஒரு புண். அதன் ஓரமெல்லாம் கறுத்திருந்தது.

என் அப்பாவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ஷெட்டில் லீவு கேட்கத் தயங்கிக்கொண்டு, மஞ்சளை வைத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே வேலைக்குப் போனார். கடைசியில் பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அந்த டாக்டர்கள் மேல் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பைசா வாங்காமல் உயிரோடு அனுப்பி வைத்தார்கள். அப்பாதான் தாமதமாகப் போனார். அதற்குப் பிறகு அவர் ஊன்றிக்கொண்டு நடந்த அந்தக் கட்டையின் சத்தம் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் இன்னும் காதில் இருக்கிறது.

2

நம் ஊரில் தெரு முனையில் இருக்கிற டாக்டர் கிளினிக்கை இங்கே சர்ஜரி என்பார்கள். வந்த புதிதில் சர்ஜரிக்கு வரச்சொல்லிக் கடிதம் வந்தது. நான் வெறும் வயிற்றோடு, மாற்று லுங்கியும் துண்டும் எடுத்துக்கொண்டு போய் நின்றேன். ரத்த அழுத்தம் பார்த்து அனுப்பிவிட்டார்கள். ஸ்டெல்லா இன்றைக்கும் விருந்தாளி வந்தால் இதைச் சொல்லாமல் சோறு போடமாட்டாள்.

அந்தச் சர்ஜரியில் டாக்டரைப் பார்க்க ஆப் இருக்கிறது. ஆப்பில் போய் உடம்புக்கு என்ன என்று எழுதினால் நாளும் நேரமும் கொடுப்பார்கள். நல்ல ஏற்பாடுதான், ஆப் சும்மா இருந்தால். அது சும்மா இருப்பதில்லை. மாதத்துக்கு ஒரு முறை தன்னைத்தானே மாற்றிக்கொள்கிறது. நேற்று இடது பக்கம் இருந்த பொத்தான் இன்று அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. புது பாஸ்வேர்டு கேட்கும். பழையதைப் போல இருக்கக்கூடாது என்று சொல்லும். கேமராவுக்கு முன்னால் முகத்தை இப்படித் திருப்பு, அப்படித் திருப்பு என்று சொல்லும். இமிக்ரேஷனில்கூட என்னை அத்தனை தடவை தலையைத் திருப்பச் சொன்னதில்லை.

ஆப் மட்டும் இல்லை. குடோனில் சாமான் ஸ்கேன் செய்கிற துப்பாக்கிக்கும் அப்டேட். பஸ் டிக்கெட்டுக்கு அப்டேட். ஜெனி பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆப், அதற்கும் அப்டேட். அம்பத்தூரில் நான் ஓட்டின லேத்துக்குக் காலையில் எண்ணெய் விட்டுத் தொட்டுக் கும்பிட்டால் போதும். வாங்கின நாளில் கைப்பிடி எங்கே இருந்ததோ, நான் வேலையை விட்ட நாளிலும் அங்கேயேதான் இருந்தது.

கோயிலிலும் ஒரு காலத்தில் அப்டேட் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பழைய ஜெபங்களை நல்ல தமிழில் மாற்றினார்கள். எங்கள் அம்மா கடைசி வரைக்கும் "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்றுதான் சொன்னார்கள். எனக்கும் அவசரத்தில் அதுதான் வாயில் வருகிறது. மாதா பழைய வெர்ஷன் செல்லாது என்று இதுவரைக்கும் திருப்பி அனுப்பினது கிடையாது.

அன்றைக்கு ஆப்பைத் திறந்தேன். அப்டேட் செய் என்றது. செய்யப் போனால், இந்தப் போனில் இனி இது ஓடாது, வேறு போன் வாங்கு என்று வந்து நின்றது. வழக்கமாக இதையெல்லாம் ஜெனிதான் பார்ப்பாள். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு பார்ப்பாள், ஆனாலும் என் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அவள் பெரியவளான பிறகு என்னோடு சேர்ந்து உட்காருகிறது இந்த ஒரு வேலைக்குத்தான். அதனால் எனக்கு அப்டேட் மேல் உள்ளூரக் கொஞ்சம் நன்றியும் உண்டு. இந்தத் தடவை அவள் டூரில் இருந்தாள். போனை ஆசிரியரிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

மறுநாள் காலை எட்டு மணிக்கு சர்ஜரிக்குப் போன் அடித்தேன். பாட்டுப் போட்டார்கள். வேலைக்குக் கிளம்புகிற நேரம் வரைக்கும் பாட்டுக் கேட்டேன். பிறகு ஒரு குரல், இன்றைய நேரமெல்லாம் முடிந்தது, ஆப்பில் பதிவு செய்யவும் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

3

சாயங்காலம் ஸ்டெல்லா வீடியோவில் வந்தாள். காலைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் முகம் மாறினது சின்னத் திரையிலேயே தெரிந்தது.

"ஏங்க, இது சாதாரணப் புண்ணு இல்லங்க. நாளைக்கே டாக்டர் பாக்கணும்."

ஆப் கதையைச் சொன்னேன். வேலை நேரம் முடிந்து பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்குப் போகட்டுமா என்று கேட்டேன். அங்கே ரத்தம் கொட்டுகிறவர்களைத்தான் முதலில் பார்ப்பார்கள், விடிய விடிய உட்கார வைத்துவிட்டு சர்ஜரிக்குத்தான் போகச் சொல்வார்கள், சர்ஜரி எழுதிக் கொடுத்தால் நேராகக் கால் டாக்டரிடமே விடுவார்கள் என்றாள். அவள் அந்த உலகத்திலேயே வேலை செய்கிறவள். அவளுக்குத் தெரியும்.

அதற்குள் பின்னாலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி, சினிமா நடிகர் மாதிரி. முந்தின நாள்தான் கட்டுப் பிரித்திருந்தார்கள்.

"இன்னா மாப்ளே, கால்ல இன்னா கீது? இப்டி காட்டு. ஐயய்ய. எனுக்குக் கண்ணே நல்லாப் பண்ணி உட்டாங்கோ, உனுக்கு ஒரு வெரலப் பாக்க ஆளில்லியா அந்த ஊர்ல?"

மாமியார் ஆபரேஷனுக்குப் போன விதத்தை ஸ்டெல்லா ஏற்கெனவே சொல்லியிருந்தாள். விடியற்காலையில் ஆஸ்பத்திரி வாசலுக்குப் போய், மாமியாரைப் படிக்கட்டில் உட்கார வைத்துவிட்டு, சீட்டு வரிசையில் பையை வைத்தார்களாம். அங்கேயும் இப்போது போனில் நம்பர் வருகிறது. அந்த நம்பர் மச்சான் போனுக்குப் போய்விட்டது. மச்சான் அம்பத்தூரில் ஷிப்டில் இருந்தான். கவுண்டரில் இருந்த நர்ஸம்மா, சரி, பாட்டி உள்ளே வரட்டும், நம்பர் வரும்போது வரட்டும் என்று விட்டுவிட்டார்களாம். லென்ஸிலிருந்து சொட்டு மருந்து வரைக்கும் செலவே இல்லை.

ஸ்டெல்லா பெருமூச்சு விட்டாள். "இங்க இருந்தீங்கன்னா காலைல வாசல்ல பைய வச்சிட்டு, பத்து மணிக்கெல்லாம் காட்டிட்டு வந்திருப்பேன்."

அவள் ஆதங்கமாகத்தான் சொன்னாள். எனக்கு அது ஒரு யோசனையாகப் பிடித்துக்கொண்டது. சர்ஜரிக்கும் ஒரு வாசல் இருக்கிறதே.

4

மறுநாள் குடோனுக்கு லீவு சொன்னேன். அப்பா சொல்லத் தயங்கின வார்த்தையை நான் சொன்னேன். சாப்பாட்டை வயர் கூடையில் எடுத்துக்கொண்டேன். பச்சையும் வெள்ளையும் கலந்த கூடை. அம்பத்தூரில் வயர் வாங்கிவந்து இங்கே ஒரு பனிக்காலத்தில் ஸ்டெல்லா பின்னினது. ஜெனிக்கு அதைக் கண்டாலே ஆகாது. நான் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடம் பக்கம் வந்தால் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் நடப்பாள். "அப்பா, உங்க பாஸ்கெட்ட வீட்ல வச்சிட்டு வாங்க, ப்ளீஸ்" என்பாள்.

சர்ஜரி திறக்க இன்னும் வெகுநேரம். நல்ல குளிர், தூறல் வேறு. வாசலுக்கு மேல் சின்ன மறைப்பு உண்டு. எதிரில் பஸ் நிறுத்தத்தில் உட்கார பெஞ்சு உண்டு. நின்று நின்று கால் கனத்தது. கதவருகே முதல் இடத்தில் கூடையை வைத்துவிட்டுப் போய் பெஞ்சில் உட்கார்ந்தேன். இதில் எனக்கு ஒன்றும் புதிதாகத் தோன்றவில்லை. எங்கள் தெருவில் தண்ணீர் லாரி வருகிற நாளில் குடம்தான் நிற்கும், ஆள் நிழலில் இருப்பார்கள். ஒரு குடம் ஒரு ஆள். தன் குடம் கண்ணில் படுகிற தூரத்தில் இருக்க வேண்டும். நமக்கு முன்னால் வைத்தவர் டீ குடிக்கப் போனால் அவர் குடத்துக்கு நாம் பொறுப்பு. யார் எழுதி வைத்தார்கள்? யாரும் இல்லை. ஆனால் மீறினால் தெருவே திரண்டுவிடும்.

சட்டைப் பைக்குள் கையை விட்டு ஜெபமாலை சொல்ல ஆரம்பித்தேன். இரண்டாவது பத்து மணியை உருட்டி முடிப்பதற்குள் ஒரு வெள்ளைக்கார அம்மா குடையோடு வந்து கதவைத் தட்டிப் பார்த்தார். மார்கரெட் என்று பிறகு தெரிந்துகொண்டேன். எண்பதை ஒட்டின வயது, இரண்டு முட்டியும் போனவர். அவரிடம் ஆப் ஓடுகிற போனே கிடையாது. நிற்க முடியாமல் சுவரைப் பிடித்தார்.

நான் எழுந்து போய், நீங்கள் பையை வைத்துவிட்டுப் போய் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்தேன். என் இங்கிலீஷில் அது "பேக் புட், யூ கோ" என்று வந்தது. அந்த அம்மா பயந்துபோய்ப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். நான் என் கூடையைக் காட்டினேன், என்னைக் காட்டினேன், பெஞ்சைக் காட்டினேன். கூடையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சிரித்தார். பையைக் கொடுக்கவில்லை. குடையை மடக்கி என் கூடைக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்களுக்கு மார்கரெட் அம்மாவே விளக்கிச் சொன்னார். ஒருவர் ஃபிளாஸ்க்கை வைத்தார். ஒருவர் கைத்தடியை வைத்துவிட்டு இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு பெஞ்சுக்கு வந்தார். எல்லாரும் வயதானவர்கள். எல்லாரும் ஆப் வெளியே தள்ளினவர்கள். இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. வீட்டுக்கு வீடு தனித்தனியாகப் பாட்டுக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கதவு திறந்தது. ரிசப்ஷனில் இருக்கிற பெண் வெளியே வந்தாள். வாசலில் ஆளில்லை. கூடை, குடை, ஃபிளாஸ்க், கைத்தடி வரிசையாக நிற்கின்றன. அவள் இரண்டு அடி பின்னால் போனாள். இந்த நாட்டில் ஆளில்லாத பை என்றால் போலீஸைக் கூப்பிடுவார்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவள் மேனேஜரைக் கூட்டிவந்தாள். யாருடையது இதெல்லாம் என்று மேனேஜர் உரக்கக் கேட்டார். பஸ் நிறுத்தத்திலிருந்து நாங்கள் எல்லாரும் ஒன்றாக எழுந்தோம்.

ஆப்பில் பதிவு செய்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று அந்தப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள். நான் போனைக் காட்டினேன். அப்படியானால் எட்டு மணிக்குப் போன் செய்யுங்கள் என்றாள். எனக்கு அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை. அப்பாவின் காலை எப்படி அவளுக்கு விளக்குவது?

பின்னாலிருந்து மார்கரெட் அம்மா பேசினார். குரல் நடுங்கவில்லை. "எட்டு மணிக்கு நாங்கள் எல்லாருமே இங்கே நிற்கிறோம், பெண்ணே. இவர்தான் முதலில் வந்தார். இவர் உள்ளே போனால்தான் நான் போவேன்."

நான் கதவுக்கு உள்பக்கம் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து ஷூவையும் சாக்ஸையும் கழற்றினேன். அந்தப் பெண் பார்த்தாள். உள்ளே ஓடி ஒரு நர்ஸைக் கூட்டிவந்தாள். நர்ஸ் விரலை அழுத்தித் தெரிகிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். அவரே போனை எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் பேசி, டாக்ஸி வரவழைத்து, பக்கத்துக் கதவு வழியாக என்னை ஏற்றிவிட்டார்.

5

கால் பிரிவில் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். நம் வழக்கப்படி பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் பின்னால் இருப்பதால் இங்கே என்னை எப்போதும் அப்பா பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். வேறு நாளென்றால் ஜெனியைப் பார்த்துச் சிரித்துக்கொள்வேன். அன்றைக்கு "மிஸ்டர் சவரிமுத்து" என்று கேட்டதும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பா, உன்னைத்தான் கூப்பிடுகிறார்கள், இந்தத் தடவை சீக்கிரமாக வந்துவிட்டோம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு எழுந்தேன்.

புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்து, படம் எடுத்துப் பார்த்தார்கள். எலும்புக்குப் போகவில்லை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் விரலை எடுத்திருப்போம் என்று டாக்டர் சொன்னார். கட்டுப் போட்டு, மாத்திரை கொடுத்து, தனிச் செருப்பும் கொடுத்தார்கள். அடுத்த வாரம் சர்ஜரியில் கட்டு மாற்ற வேண்டும். பணம் என்று ஒருவரும் வாய் திறக்கவில்லை. இந்த நாட்டை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளே போய்விட்டால் தங்கம்.

படிக்காதவன் பேச்சுதான், ஆனாலும் சொல்கிறேன். நம் ஊரிலும் இலவசம், இங்கேயும் இலவசம். இரண்டையும் கட்டினவர்கள் ஏழைக்கு உள்ளே இடம் வேண்டும் என்று நினைத்தவர்கள். அந்தக் கட்டடத்துக்கு முன்னால் ஒரு ஆப்பை நிறுத்தி, மாதத்துக்கு மாதம் அதன் பூட்டை மாற்றினால், உள்ளே இருக்கிற தங்கத்தால் யாருக்கு என்ன? ஆப் தெரிந்தவர்கள் ஆப்பில் வரட்டும், எனக்கும் ஜெனி இருந்தால் ஆப்தான் சுலபம். வாசலும் திறந்திருக்கட்டும். அண்ணனூரில் எங்கள் தெருவுக்குச் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் வீடு தேடி வருகிறது. கொண்டுவருகிற பெண் கதவைத் தட்டி, சாப்பிட்டீங்களா என்று கேட்டுவிட்டுப் போகிறாள். இதை நான் குடோனில் சொன்னால் வெள்ளைக்காரர்கள் நம்புவதில்லை. நீங்கள் அதை விட்டுவிடாதீர்கள். நாளைக்கு நம் ஊரிலும் எல்லாம் போனில்தான் என்று யாராவது சொன்னால், மாமியாரை உள்ளே விட்ட அந்த நர்ஸம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று சாயங்காலம் மாமியாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்கள். "வெள்ளக்காரன் ஊர்ல போய் கொடம் போட்டுட்டு வந்துகீற. நம்ம ஆளுன்னா சும்மாவா."

6

ஜெனி டூரிலிருந்து வந்தாள். சர்ஜரி வாசலில் கூடையை வைத்தேன் என்றதும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அவள் தோழி வீடு அந்தத் தெருவில்தான். பிறகு என் காலில் போட்டிருந்த கட்டைப் பார்த்தாள். தாத்தா கால் எப்படிப் போனது என்று கேட்டாள். பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் தடவையாகக் கேட்டாள். சொன்னேன். தண்ணீர் லாரி, குடம் எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு வாங்கின புதுப் போனில் ஆப்பை ஏற்றிக்கொண்டே அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். ஆப் ஏறின பிறகும் எழுந்து போகவில்லை.

கூடை மட்டும் வீட்டில் இல்லை. டாக்ஸியில் ஏறின அவசரத்தில் வாசலிலேயே விட்டுவிட்டேன். குப்பையில் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். ஸ்டெல்லாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை.

கட்டு மாற்றுகிற நாள் வந்தது. ஆப்பில் பதிவு செய்யலாம் என்று திறந்தால், அதற்குள் இன்னொரு அப்டேட். முகத்தைத் திருப்பு என்றது. ஜெனி அதைப் பிடுங்கி அணைத்துவிட்டு, நடந்தே போகலாம், நானும் வருகிறேன் என்றாள். என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கட்டுப் போட்ட காலோடு மெதுவாகப் போனதில் திறக்கிற நேரத்தை ஒட்டித்தான் போய்ச் சேர்ந்தோம். கடைசியில்தான் நிற்க வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

சர்ஜரிக் கதவில் புதிதாக ஒரு தாள் ஒட்டியிருந்தது. ஆப் இல்லாதவர்கள் காலையில் நேரில் வரலாம் என்று ஜெனி படித்துச் சொன்னாள். பஸ் நிறுத்தத்துப் பெஞ்சு நிறைய ஆட்கள். வாசலில் ஆளே இல்லை. ஒரு ஃபிளாஸ்க், ஒரு கைத்தடி, இரண்டு துணிப்பை, அவற்றுக்கு முன்னால் மார்கரெட் அம்மாவின் குடை. குடைக்கும் முன்னால், கதவை ஒட்டி முதல் இடத்தில், தூறலில் நனையாமல் இருக்க மேலே ஒரு பிளாஸ்டிக் உறை போட்டு, பச்சையும் வெள்ளையுமாக அது உட்கார்ந்திருந்தது.

பெஞ்சிலிருந்து மார்கரெட் அம்மா கையை ஆட்டினார். எதிர் வீட்டு ஜன்னலில் ஜெனியின் தோழி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெனி அந்த ஜன்னலை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு என் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு தமிழில் சொன்னாள்:

"அப்பா, நம்ம கூடை."